சோறு தின்ன வந்த பறவைகளைச் சுட்டார்கள், அப்பா

சாம்பாரில் புளி கூடினால் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒன்றும் பேசாமல் மோர் கேட்கும் என் அருமை அப்பாவுக்கு,

ஈப்போவில் உங்களைத் தகனம் செய்துவிட்டு ஆக்லாந்து திரும்பி நான்கு வருடம் ஆகிறது. ஒரு வரி எழுதவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோதே மாதம் ஒரு கடிதம் என்று சொல்லிவிட்டு, தீபாவளிக்கு ஒரு கார்டு போட்டவன்தானே நான். இப்போது எழுதக் காரணம், உங்கள் பேரில் இங்கே ஓர் அசிங்கம் நடந்துவிட்டது. எங்கள் பஜனைக் குழுவின் இதழில் போடத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

இந்த ஊரில் காகம் கிடையாது, அப்பா. அமாவாசைக்கு உங்களுக்குச் சோறு வைத்தால் எடுக்க ஆள் இல்லை. கிளென் ஈடனில் எங்கள் வீட்டுப் பின்புறம் வைத்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பூனை வந்து தயிரை மட்டும் நக்கிவிட்டுப் போனது. "மாமா கோவமா இருக்காருங்க" என்று உங்கள் மருமகள் பரமேஸ்வரி அழுதாள். அப்போதுதான் நான் மூளையைப் பயன்படுத்தினேன். அது நான் அடிக்கடி செய்கிற வேலை இல்லை. செய்தபோதெல்லாம் வம்புதான்.

காரில் பத்து நிமிடம் போனால் ஓடையும் சதுப்பும் உள்ள ஒரு பூங்கா வரும். அங்கே பூகேகோ என்று ஒரு பறவை உண்டு. கோழி அளவு, கருநீல உடம்பு, சிவப்பு அலகு, நீளமான கால். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி நடக்கும். இலையை வைத்து நாலடி நகர்வதற்குள் ஏழெட்டு வந்துவிட்டன. ஒன்று, சோற்று உருண்டையை ஒரு காலில் பிடித்துக்கொண்டு மற்றக் காலில் நின்று தின்றது. "மாமாவேதாங்க!" என்றாள் பரமேஸ்வரி. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். பஜனைக் குழுவில் எல்லோரிடமும் போய் என் அப்பா எப்படி உடனே வந்தார் என்று பெருமை அடித்தேன். அடுத்தடுத்த மாதங்களில் பிஜிக்காரர்கள் வந்தார்கள், யாழ்ப்பாணத்தார் வந்தார்கள், நம் மலேசியாக்காரர்கள் பாயசத்தோடு வந்தார்கள். புல்வெளி முழுக்க இலை. பறவையும் பெருகியது.

பூங்காவை ஒட்டி ஒரு கால்ஃப் மைதானம். போன குளிர்காலத்தில் ஓர் அமாவாசை காலை, வேலிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பூகேகோ வேலி இடுக்கில் புகுந்து வந்தது. ஒரு கால் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. அது நேரே உங்கள் இலைக்குத்தான் வந்தது, அப்பா. வந்து, சோற்றின் மேலேயே சரிந்து விழுந்தது. பரமேஸ்வரி முந்தானையில் சுற்றி எடுத்தாள். காருக்குள் வைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

நான் வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். உரச்சாக்கு ஒன்று வாய் பிளந்து கிடந்தது. உள்ளே நீல இறகும் சிவப்புக் காலும் குவியலாக. சாக்கு இலேசாக அசைந்தது.

பக்கத்தில் நின்ற மைதானத்து ஆள், "கவலைப்படாதே, லைசென்ஸ் இருக்கு" என்றான். யார் கொடுத்தது? எத்தனைக்கு? எதற்காக? "அதெல்லாம் ஆபீஸ்ல கேளு."

கேட்டோம். பூங்காவுக்கு எதிர்வீட்டில் ஜோன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் முன்னே, நான் பின்னே. சனிக்கிழமைகளில் ஒடாஹுஹு கடைத்தெருவில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினோம். சுடுவதற்குக் கொடுத்த அனுமதியை ஊருக்குக் காட்டு, அதுதான் கோரிக்கை. நான் அட்டையில் வரைந்திருந்த பூகேகோவைப் பார்த்துவிட்டு ஒருவர், கோழி எந்தக் கடையில் மலிவு என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவத்தோடு நின்று, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனின் ஓவியம் அவ்வளவுதான்.

அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு, தகவல் கேட்கும் சட்டப்படி என் பெயரில் மனுப் போட்டோம். வந்த தாளில் பாதி கறுப்பு மை. பெயர் கறுப்பு, காரணம் கறுப்பு. எண்ணிக்கைக்கு நேராக மட்டும் 'தேவைப்படும் அளவு' என்று இருந்தது. கூட வந்த கடிதத்தில் குறைத்தல், நீக்குதல், நிர்வகித்தல். சுடுதல் என்ற சொல் தேடியும் கிடைக்கவில்லை. அந்தச் சாக்குக்கு எவ்வளவு சுத்தமான சொற்கள்! எழுதிய கையைச் சாப்பிடுமுன் கழுவுவார்களா என்று நினைத்தேன்.

விடாமல் மேல்முறையீடு செய்தோம். கடைசியில் மை இல்லாத தாள் என் வீட்டுக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் இரண்டே வரி. பூங்காவில் ஓர் இந்திய சமயக் குழுவினர் தொடர்ந்து சமைத்த சோறு வைப்பதால் பறவைகள் கூடி மைதானத்துக்குள் வருகின்றன. பண்பாட்டு உணர்வுகளைக் கருதி, அவர்களிடம் இதுபற்றிப் பேசப்படவில்லை.

உங்கள் சோறு, அப்பா. நான் ஊரைக் கூட்டி வைக்கச் சொன்ன சோறு.

அந்த இரண்டாவது வரிதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. எங்கள் மனம் புண்படக் கூடாதாம். ஒவ்வோர் அமாவாசைக்கும் நாங்கள் அங்கேதானே நின்றோம்? ஒருவர் வந்து "இங்கே வைக்காதீங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் திறக்கக் கூச்சப்பட்டு, சுடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பெயர் மரியாதையா?

தாளைப் பஜனைக் குழுத் தலைவர் சிவகுரு அண்ணரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்தார், நிதானமான மனிதர். "தம்பி, உந்த வரியை ஆருக்கும் காட்டாதையும்" என்றார். "நாளைக்குப் பேப்பரில எங்களைத்தான் கிழிப்பாங்கள். பறவையைப் பற்றிக் கதையும். எங்களைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

"ஆமாண்ணே" என்றேன். கிடங்கில் பெட்டிகளில் விலாசம் எழுதும் தடித்த கறுப்பு மார்க்கர் என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். தாளை ஒரு நகல் எடுத்து, அதில் அந்த இரண்டு வரியின் மேலும் கோடு அடித்தேன். நன்றாகவே அடித்தேன். பிறகு அதையே பல நகல் எடுத்தேன்.

வியாழக்கிழமை மாலை கிளென் ஈடனில் ஒரு மண்டபத்தில் கூட்டம். ஜோன் நகலைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கள், காரணத்தை இன்னும் மறைக்கிறார்கள்!" என்றார். மண்டபமே "வெட்கம், வெட்கம்" என்று கத்தியது. நானும் கை தட்டினேன், அப்பா. நான் அடித்த கோட்டுக்கு நானே கை தட்டினேன்.

பக்கத்தில் உங்கள் பேத்தி ஷாமினி. சமையலறை மேசையில் கிடந்த அசல் தாளை அவள் பார்த்திருக்கிறாள். "டாட், அது நீங்க அடிச்ச கோடுதானே?" என்று இங்கிலீஷில் முணுமுணுத்தாள்.

"என்ன கோடு?" என்று திரும்பினாள் பரமேஸ்வரி. கூச்சலுக்கு நடுவில் சொன்னேன்.

"நம்ம சோறாலயா?"

"ம்."

முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, "எந்திரிங்க" என்றாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா? என் இங்கிலீஷ்ல சொன்னா இன்னும் மானம் போவும்லா."

எழுந்தேன். கோடு போட்டது நான்தான் என்றேன். பையிலிருந்த அசலை எடுத்து இரண்டு வரியையும் படித்தேன். பின்வரிசையில் ஒருவர், "அப்போ எல்லாம் உங்க ஆளுங்க வேலைதான்" என்றார். ஜோன் என்னை 'முட்டாள்' என்றார், ஒலிபெருக்கியிலேயே. பிறகு, "இரண்டாவது வரியை மறுபடியும் படி, மெதுவாக" என்றார். படித்தேன். இந்த முறை யாரும் கத்தவில்லை.

சிவகுரு அண்ணர் பயந்தது பாதி நடந்தது. உள்ளூர்ப் பத்திரிகை சோற்றைப் பெரிதாகவும் துப்பாக்கியைச் சிறிதாகவும் போட்டது. அவர் இப்போது என்னோடு கதைப்பதில்லை. மற்ற மைதானங்களுக்கும் பண்ணைகளுக்கும் கொடுத்த அனுமதிகளையும் ஜோன் கேட்டிருக்கிறார். 'பரிசீலனையில்' என்று பதில். அமாவாசைக் காலைகளில் பரமேஸ்வரி பூங்கா வாசலில் நின்று, வருகிற குடும்பங்களிடம் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். சிலர் திட்டுகிறார்கள். நின்றுகொண்டுதான் இருக்கிறாள். உங்களுக்கு இனி எங்கே வைப்பது? அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பசிக்குமா, அப்பா?

அந்த அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் வருகிறது. புதுத் தாளுக்கு மனுப் போட்டுவிட்டேன். அதில் யாருடைய பெயர் இருந்தாலும், உங்கள் பெயரே இருந்தாலும், அதே மண்டபத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே படிப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சோற்றையும் வைத்து, கோட்டையும் போட்ட
உங்கள் மூத்த மகன்,
சுப்பு