ஈய அணுக்கருவின் ஒன்பதாம் குறிப்பேடு

அனுப்புநர்:
முனைவர் ப. சீதாலக்ஷ்மி,
இயற்பியல் பேராசிரியர் (பணி நிறைவு),
சன்னதித் தெரு, ஸ்ரீவைகுண்டம்.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
வடகரை கலை அறிவியல் கல்லூரி,
திருநெல்வேலி.

பொருள்: பழைய தாள் ஏலத்திலிருந்து, மறைந்த பேராசிரியர் தாணுமாலையனின் ஒன்பதாம் குறிப்பேட்டை விலக்கித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கல்லூரியில் முப்பதாண்டுகள் பணியாற்றியவள் நான். துறையின் இரும்பு அலமாரியிலுள்ள தாள்கள் வரும் வெள்ளிக்கிழமை எடைக்குப் போகின்றன என அறிந்து நேரில் வந்தேன். கண்காணிப்பாளர் திரு. மணிராஜ் மரியாதையாக, "லிஸ்ட்டு போயாச்சும்மா, மனு எழுதிக் குடுங்க, பாப்போம்" என்றார். எனவே எழுதுகிறேன்.

2. ஈய அணுக்கருவுக்குள் இரண்டு நியூட்ரான்களுக்கு இடையே எவ்வளவு விசை இருக்கும் என்பதே நானும் பேராசிரியர் தாணுமாலையனும் எடுத்துக்கொண்ட கேள்வி. அன்று நம் கல்லூரியில் கணினி கிடையாது. மடக்கை அட்டவணை, பென்சில், ஒரு நீள மேசை, அவ்வளவுதான். அவர் கிழக்கு முனையிலும் நான் மேற்கு முனையிலும் அமர்ந்து ஒரே கணக்கைத் தனித்தனியே போடுவோம். இருவரும் முடிக்கும்வரை ஒருவர் ஏட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. விடை ஒத்தால் மட்டுமே இருவரும் அதனடியில் கையொப்பமிடுவோம். என்ன அருமையான மாலைகள் ஐயா அவை!

3. மடக்கை அட்டவணையில் கழித்தல் குறிக்கு இடமில்லை; ஓரத்தில் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை நான் மறந்துவிட்டேன். இழுக்க வேண்டிய விசை தள்ளும் விசையாகிவிட்டது. "மேடம், ஈயத்தையே ஒடச்சுப் போட்டியளே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. இன்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

4. எட்டு ஏடுகள் ஒத்துப்போயின. ஒன்பதாவதை அவர் முதலில் முடித்து, ஒத்துவிடும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே தம் கையொப்பமிட்டு, எனக்கு இடம் விட்டு, துறை அலமாரியில் மூடிவைத்தார். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் வீட்டிலிருந்த என் ஏடு ஆற்றோடு போயிற்று. மறுபடி போடுகிறேன் என்றேன். பிறகு துறைத் தலைமை, பிள்ளைகள் படிப்பு, மாமியாரின் நோய். அவர் ஓய்வு பெற்று நாகர்கோவில் சென்ற பின்னும் பொங்கல்தோறும் தொலைபேசியில், "முடிச்சாச்சா மேடம்?" என்பார். "பைய முடிப்போம் சார்" என்பேன். ஒருமுறைகூட அவர் தம் விடையைச் சொன்னதில்லை.

5. சென்ற ஐப்பசியில் அவர் காலமானார். அதன் பிறகே எனக்கு வெட்கம் வந்தது. உட்கார்ந்து, ஏழு மாதத்தில் கணக்கைப் போட்டு முடித்துவிட்டேன். கணினி ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடும் என்பது எனக்கும் தெரியும். எனக்கு வேண்டியது அவர் கையால் எழுதிய விடை.

6. ஆகவே ஒன்பதாம் ஏட்டை மட்டும் ஏலத்திலிருந்து எடுத்துவைத்து, என் முன்னிலையில் திறக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் விடை ஒட்டிய உறையில் இத்துடன் உள்ளது. ஏட்டைத் திறக்கும்வரை அதைத் தாங்களும் பிரிக்க வேண்டாம். ஒத்திருந்தால், அவர் விட்ட இடத்தில் கையொப்பமிட்டு அங்கேயே தந்துவிடுகிறேன்.

ஒவ்வாவிட்டால் அந்த ஏட்டை எனக்கு ஓராண்டு இரவல் தர வேண்டும். எங்கள் வழக்கப்படி இருவரும் முதலிலிருந்து போட வேண்டும். இம்முறை கிழக்கு முனையிலும் நானே அமர்ந்துகொள்கிறேன்.

இடம்: ஸ்ரீவைகுண்டம்
நாள்: 14.07.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
ப. சீதாலக்ஷ்மி

இணைப்பு: ஒட்டிய உறை – 1