ஆஃப்சைடுக்குத் தூக்கிய கை

அண்ணாச்சி,

நேற்று அபுதாபி முசஃபாவில் ஒரு சைட்டில் பிக்கப்பிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்திருக்கும் பிளம்பர் நாலு இஞ்ச் பிளாஸ்டிக் பைப்பை நெருப்புக் காட்டி வளைத்துக்கொண்டிருந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால்கள் தானாக அகன்று, முழங்கால் மடங்கி, கோல்கீப்பர் மாதிரி நின்றுவிட்டேன். ஃபோர்மேன் ஓடிவந்து இடுப்புப் பிடித்துக்கொண்டதா என்று கேட்டார். ஒருவருடைய ஞாபகம் வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆமாம் என்று சொல்லி, அவர் தந்த தைலத்தை வாங்கித் தேய்த்துக்கொண்டேன்.

கழிவுநீர்க் குழாயை நெடுக்காகப் பிளந்து, நெருப்பில் வாட்டி வளைத்து, உள்ளே பஞ்சு வைத்து, கிழிந்த கைலித் துணியால் காலில் கட்டிக்கொண்டு, ஹாக்கியில் கோலுக்கு முன்னால் காவல் நின்ற ஃபுல் பேக் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. காலுக்கு இத்தனை பந்தோபஸ்து செய்த நீங்கள், பெனால்டி கார்னருக்கு முகமூடி மாட்டும் இந்தக் காலத்து ஆட்டக்காரர்களை டிவியில் பார்த்தால் மட்டும் சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்துவிடுவீர்கள். "அந்தக் காலத்து பேக் எவனாவது மூஞ்சிய மூடினானாவே?" என்பீர்கள். அப்போ இந்தக் குழாய் என்ன கணக்கு என்று ஒருநாள் கேட்டேன். "மூஞ்சில பட்டா ரெண்டு நாள் லீவு கிடைக்கும். கால்ல பட்டா ஏணி ஏற முடியாது, டூட்டி போயிரும்லா" என்றீர்கள்.

நம் ரூமில் எட்டுப் பேர், எல்லோரும் கோவில்பட்டிக்காரர்கள். நம் ஊரில் பிள்ளைக்கு நடை வரும்போதே கையில் ஹாக்கி மட்டையும் வந்துவிடும் என்பதால், ரூமில் அரசியலுக்கோ சினிமாவுக்கோ இடமே இல்லை. இருந்த ஒரே சண்டை, பழைய ஃபுல் பேக் பெரியவனா, புதிய ஃபுல் பேக் பெரியவனா என்பதுதான். பழையவர்களுக்கு நீங்கள் வக்கீல். அவர்களைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடமாட்டீர்கள், மரியாதைக் குறைவாம். 'ஒரே இடத்தில் நின்றவர்' என்று ஒருவர் உண்டு. பந்து அவரைத் தேடி வருமாம், அவர் போகமாட்டாராம். எழுபது நிமிஷம் அவர் நின்ற இடத்தில் அப்புறம் புல்லே முளைக்கவில்லை என்று ஆணையிட்டுச் சொல்வீர்கள். டிவியில் வழவழப்பான செயற்கைத் தரையில் ஒருவன் பந்தைத் தவறவிட்டால் போதும். "பாத்தியளா! கம்பளத்துல ஆடுதான், அப்பமும் விடுதான். அவுக கல்லுலயும் முள்ளுலயும் ஆடுனவுக" என்று எழுந்து நின்றுவிடுவீர்கள்.

நான் பேச்சில் கலந்துகொள்ளமாட்டேன். ஆனால் ஃபுல் பேக்கை எடைபோடும் தகுதி ரூமில் எனக்குத்தான் உண்டு. கோல்கீப்பருக்கு அவன் முதுகு மட்டும்தானே தெரியும்? ஆறு வருடம் வெள்ளிக்கிழமைக் காலைகளில், ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் இருந்த மணல் மைதானத்தில், நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வலது தோள் லேசாகச் சரிந்தால் பந்து வலப்பக்கம் வருகிறது. கழுத்து விறைத்தால் எதிராளிக்குக் கார்னர் கிடைத்துவிட்டது. வலது கை மேலே போனால் ஆஃப்சைடு.

அதுதான் பெரிய வினை. எதிராளி நம் ஆட்களைத் தாண்டிப் போய் கோல் பக்கத்தில் காத்துக்கிடந்து பந்து வாங்கக் கூடாது என்ற அந்தப் பழைய சட்டத்தை எடுத்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எவனாவது அப்படி ஓடினால் துரத்தமாட்டீர்கள். நின்ற இடத்தில் கையைத் தூக்கி, "ஆஃப்சைடு!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, நடுவர் விசிலுக்குக் காத்திருப்பீர்கள். விசில் வராது, கோல்தான் வரும். வலைக்குள்ளிருந்து பந்தைப் பொறுக்குகிறவன் நான்.

உங்கள் கையை மதித்த ஒரே மனிதர் எதிர் டீம் கேப்டன் கான் பாய். கார்களுக்கு நசுங்கல் எடுத்துப் பெயின்ட் அடிக்கும் கராஜில் ஃபோர்மேன், உங்கள் வயதுதான், உங்களைப் போலவே தொப்பை. நீங்கள் கை தூக்கினால் அவர் ஓடுகிற காலை அப்படியே நிறுத்தி, "சாரி பாய்" என்று பந்தைத் திருப்பித் தந்துவிடுவார். இருபது பேர் ஒரு சட்டத்தில் ஆட, நீங்கள் இருவர் மட்டும் இன்னொரு சட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தீர்கள்.

இந்த லட்சணத்தில் கான் பாய் டீமோடு டோர்னமென்ட் ஃபைனல் வந்தது. நான் கேப்டன். அந்த மாதம்தான் ஏசி டெக்னீஷியனாக செல்வம் நம் ரூமுக்கு ஒன்பதாவது ஆளாக வந்து சேர்ந்திருந்தான். விளையாட்டு விடுதியில் பழகியவன், செயற்கைத் தரையில் ஆடிய பேக். அவனும் உங்கள் இடத்தில்தான் ஆடுவான். உங்களை உட்காரவைக்க வேண்டும் என்று ரூமில் எல்லோருக்கும் தெரியும். சொல்ல வேண்டியவன் நான். மூன்று நாள் வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஒருதடவை உங்களிடம் வந்து, கரெக்டாக அந்த நேரத்தில், பல் தேய்க்க பேஸ்ட் கேட்டேன்.

கடைசியில் கோழைத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். ரூமில் தகராறு வந்தால் குழம்புச் சட்டியில் வோட்டுப் போடுவது நம் வழக்கம். ஒரு கட்சிக்கு வெங்காயம், இன்னொரு கட்சிக்குத் தக்காளி. எது அதிகம் விழுகிறதோ அது ஜெயித்தது. விழுந்ததை வைத்துத்தான் அன்றைய குழம்பு. வியாழக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும், "பழைய பேக்குக்கு வெங்காயம், புது பேக்குக்குத் தக்காளி. இன்னிக்கு முடிவு பண்ணிருவோம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. காய்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்குச் சுவரைப் பார்த்தார்கள். செல்வம் பாத்ரூமுக்குள் போய்விட்டான்.

நீங்கள் எழுந்தீர்கள். வழக்கம்போல ஒரே இடத்தில் நின்றவரிலிருந்து ஆரம்பிக்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"புதுசா வந்தவனுவள குறைச்சுச் சொல்லக் கூடாதுவே. அந்தக் காலத்து அவுகளுக்குச் சட்டமே பாதி பேக் ஆடிக் குடுத்துது. ஆஃப்சைடு இருந்துச்சுல்லா, பாதி கிரவுண்ட பாத்தா போதும். இவனுவ முழுசையும் ஓடி அடைக்கணும். பந்து நெஞ்சு உயரத்துக்கு வருது, முகமூடி போடாம என்ன செய்வான்? அவுக பெரியவுகதான். ஆனா நாளைக்கு ஆட இவனுவதாம்வே லாயக்கு."

ஆறு வருடம் உங்களை எதிர்த்துப் பேசியவர்கள் யாரும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. சொல்லிவிட்டு முதல் தக்காளியை நீங்களே சட்டியில் போட்டீர்கள். என் தோளைத் தட்டி, "போடும் கீப்பரு, குழம்பு வைக்கணும்லா" என்றீர்கள். நான் போட்டது எட்டாவது தக்காளி. வெங்காயமே இல்லாத அந்தப் புளிப்புக் குழம்பை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டது நீங்கள் ஒருவர்தான்.

மறுநாள் தண்ணீர் கேனோடு கோட்டுக்கு வெளியே நின்றீர்கள், காலில் குழாயோடு. செல்வம் பிரமாதமாக ஆடினான். இரண்டுக்கு ஒன்று முன்னால் இருந்தோம். கடைசி நிமிஷத்தில் அவன் கோல் போடும் ஆசையில் மறுகோடிவரை போய்விட்டான், இந்தக் காலத்து பேக் அல்லவா. நீளப் பந்து ஒன்று வந்தது. கான் பாய் தன்னந்தனியாக என் எதிரே. என் முன்னால் எந்த முதுகும் இல்லை. வலது பக்கம் போவதா இடது பக்கம் போவதா என்றே தெரியவில்லை.

"ஆஃப்சைடு!"

குரல் கோட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. கேனைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கி நின்றீர்கள். கான் பாய் நின்றுவிட்டார். நான் பந்தை உதைத்த உதையில் அது அடுத்த கராஜ் கூரைமேல் ஏறிக்கொண்டது. ஆட்டம் முடிந்த விசில்.

அவருடைய ஆட்கள் அவரைக் கடித்துத் தின்னாத குறை. அந்தச் சட்டம் எப்போதோ முடிந்துபோனது, கையைத் தூக்கியவர் ஆட்டத்திலேயே இல்லை என்று குதித்தார்கள். அவர் அசையவில்லை. "வோ ஹாத் உடா, தோ ஆஃப்சைட் ஹை. கலாஸ்" என்றார். அந்தக் கை தூக்கினால் ஆஃப்சைடுதானாம், பேச்சு முடிந்ததாம்.

பழக்கத்தில் தூக்கினீர்களா, திட்டம் போட்டா என்று அன்றைக்கே கேட்டேன். "ஏமாத்துனேங்கியளா? அவன் நின்னது ஆஃப்சைடுதாம்வே" என்று கோபித்துக்கொண்டீர்கள். இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விசா முடித்து நீங்கள் ஊர் போய் மூன்று வருடம். ஃப்ரீ ஹிட்டைத் தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம் என்று இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. உங்களுக்கு போன் போட்டுச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் மகன் போன் செய்தான். காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாராம், அவ்வளவுதானாம்.

கான் பாயிடம் சொல்லப் போனேன். ஒரு காரின் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன், "உன் பேக் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். பெயின்ட் துப்பாக்கியைக் கீழே வைத்தார். பிறகு வலது கையை மெல்ல மேலே தூக்கினார். என் கையும் போய்விட்டது, அண்ணாச்சி. வேலை செய்துகொண்டிருந்த பையன்கள் போலீஸ் வந்துவிட்டது என்று எண்ணி வாசலைப் பார்த்தார்கள். விசில் வராது என்று இருவருக்குமே தெரியும். இருந்தாலும் கையை இறக்க மனம் வரவில்லை.