யாருக்கும் பரிமாறாத கஞ்சி

இன்று அமாவாசை. படையலுக்கு வரச் சொல்லி உன் மகன் வந்து கூப்பிட்டான், போனேன். உன் போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு வடை, பாயசம், சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம் என்று அடுக்கியிருந்தார்கள். ஏலக்காய் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. உன் மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தைக்கு இன்னா புடிக்கும்னு உங்களுக்குத்தான் ஆன்ட்டி தெரியும். எதனா வுட்டுட்டோமா?" என்று கேட்டாள். ஒன்றும் விடவில்லை என்றேன். புகை வாடை அடிக்கும் பாசிப்பருப்புக் கஞ்சி என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மாமியாரைக் கேலி செய்கிறேன் என்றுதான் நினைப்பாள்.

நாம் இருவரும் பாவு பிணைக்கிறவர்கள். தறியில் நெடுக்காக ஓடும் இழைகளான பழைய பாவு தீர்ந்ததும் கூப்பிட்டுவிடுவார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, சாம்பல் தொட்ட விரலால் பழைய இழையின் நுனியையும் புதிய இழையின் நுனியையும் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, போட்டால் சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் மாட்டும். ஆரணியில் எந்தத் தெருவுக்கும் நாம் ஜோடியாகத்தான் போவோம். அமாவாசைக்குத் தறி ஓடாது. ஊருக்கே லீவு, நம் அடுப்புக்கு மட்டும் கிடையாது.

ஒருநாள் இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்: "நான் ஆக்கின சோத்த யாருக்கும் போடாம, நானே மொதல்ல துன்னணும்டி. ஒரே ஒரு வேள." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு, காக்கைக்குச் சோறு வைத்த கை காய்வதற்குள் என்னைக் கண்ணமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாய்.

வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு கரண்டிகூட வரக் கூடாது என்பது உன் சட்டம். "அந்தக் கரண்டியப் பாத்தாலே, இன்னொரு வாட்டி ஊத்துன்ற கொரலு கேக்குதுடி" என்பாய். பேக்கரியில் கேட்டு வாங்கிய காலி நெய் டின், கடையில் புதிதாக வாங்கிய ஒரு கத்தி, தீப்பெட்டி, நொய், பருப்பு, உப்பு, மிளகாய், நாலு கத்திரிக்காய். அவ்வளவுதான் நம் பை. "மாசம் பூரா இங்க பொங்கறது போதலியா? பஸ் ஏறிப் போயி வேற பொங்கணுமா?" என்றார் என் வீட்டுக்காரர். தெருவிலும் பேச்சு கிளம்பியது. வேண்டுதல் என்று நீ ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாய், அதோடு எல்லா வாயும் அடங்கியது. சாமி பேரைச் சொன்னால் பெண்கள் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம் போலிருக்கிறது.

மலையடிவாரத்தில், காட்டிலாகாவின் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம், மணல் மட்டும் மிஞ்சிய ஓடை. அங்கே கிடைத்ததை வைத்துத்தான் எல்லாம் செய்தோம். வழியில் பொறுக்கிய கொட்டாங்குச்சியைப் பிளந்த குச்சியில் செருகினால் கரண்டி. பச்சை மூங்கில் பட்டையை வளைத்தால் இடுக்கி. புரச இலைகளை முள்ளால் தைத்துத் தட்டு. புளியம்பிஞ்சையும் மிளகாயையும் உப்போடு பாறையில் வைத்துக் கூழாங்கல்லால் நசுக்கினால் துவையல். நான் செய்த கரண்டி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. "கோணலா இருந்தா கஞ்சி வரமாட்டேன்னு சொல்லுமா?" என்று அதையே எடுத்துக்கொண்டாய்.

முதல் தடவை நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டின்னைத் தொங்கவிட மூன்று கொம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்ட வேண்டும். வேலியோரத்து ஆனைக்கற்றாழை மடலைக் கல்லில் அடித்து நார் எடுத்தோம், கையெல்லாம் அரிப்பு. நார் நீளம் போதவில்லை. நம் விரல் சும்மா இருக்குமா? கத்திரிக்காய் சுட்ட இடத்துச் சாம்பலைத் தொட்டு, பட்டு இழை என்ற நினைப்பில் இரண்டு நாரையும் முறுக்கிவிட்டோம். கஞ்சி கொதி வரும்வரை தாங்கியது. பிறகு டின் தலைகுப்புற விழுந்து, நெருப்பும் அணைந்து, ஒரே புகை.

"ஊர்ல நம்ம பிணைச்ச பாவுல ஒரு இழ வுட்டுச்சின்னு எவனும் சொன்னதில்ல. ஒரு டின்னு கஞ்சி மானத்த வாங்கிடுச்சே!" என்றாய். மணலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்குச் சுட்ட கத்திரிக்காய் மட்டும்தான் சாப்பாடு. நீ அப்படிச் சிரித்து உன் வீட்டில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் முடிச்சுப் போடப் பழகினோம். முடிச்சே கூடாது என்று வேலை செய்த கைகளுக்கு அது லேசில் வரவில்லை. நீ நாரைச் சுற்றி இழுப்பாய். முதல் சுற்றுத் தளராமலிருக்க நான் அதன்மேல் விரலை அழுத்த வேண்டும். "வெரல வையி" என்பாய். "எடு" என்றதும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் விரலும் சேர்ந்து கட்டுப்படும். நான் பராக்குப் பார்த்து மாட்டிக்கொண்டால், "உன்னோட ஒரே பேஜாரு" என்று அவிழ்த்துவிடுவாய்.

ஒருவருக்கொருவர் பரிமாறக் கூடாது என்றும் சொல்லியிருந்தாய். ஒருமுறை பழக்கதோஷத்தில் உன் இலையில் ஊற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டு, "உனுக்கு ஊத்திக்கடி மொதல்ல" என்றாய். அந்த முதல் வாய் தொண்டையில் இறங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், உடம்பைத்தான் கொண்டுவந்தார்கள். பூவும் பொட்டுமாகப் போய்விட்டாள், கொடுத்துவைத்தவள் என்று இன்றைக்கும் உன் வீட்டில் ஒருத்தி சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல். எதைக் கொடுத்து வைத்தாய்? இப்போது என் எதிரே வேறொருத்தி உட்கார்ந்து பாவு பிணைக்கிறாள். நல்ல பெண், வேலையும் சுத்தம். ஓடைக்கரையைப் பற்றி அவளிடம் நான் வாயே திறந்ததில்லை. நாள் முழுக்க அவளோடு பேசிவிட்டு வந்தாலும், யாரோடும் பேசாதது போலவே இருக்கிறது.

படையல் முடிந்து உன் வாசலைத் தாண்டியதும் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. நீ போன பிறகு இதுதான் முதல்முறை. அங்கேயே ஒரு கடையில் நொய்யும் பருப்பும் உப்பும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டேன். இன்று டின் விழுந்தால் இதோடு விட்டுவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டேன். ஒற்றை ஆளால் ஆகாத வேலை, அவள் இல்லாமல் முடியவில்லை என்று மனசுக்குச் சொல்லிவிடலாம். உண்மையைச் சொன்னால், அது விழ வேண்டும் என்றுதான் இருந்தேன்.

டின்னும் கத்தியும் நாம் விட்ட பாறை இடுக்கிலேயே கொஞ்சம் துருவோடு கிடந்தன. மணல் போட்டுத் தேய்த்து, பக்கத்துக் கொல்லைப் பம்புசெட்டில் தண்ணீர் பிடித்தேன். எப்போதும் பார்க்கிற ஆடு மேய்ப்பவர், "இன்னாக்கா, கூட வர்ற அக்கா எங்க?" என்றார். வரவில்லை என்றேன். "ஒடம்பு சரியில்லியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவராவது உன்னைப் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும்.

மூன்று கொம்புகளையும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி நாரைச் சுற்றினேன். முதல் சுற்று நழுவியது. மறுபடி சுற்றினேன், மறுபடி நழுவியது. "வெரல வையி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எதிரே பார்க்கப் பயமாக இருந்தது. கடைசியில் குனிந்து சுற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்து முடிந்தேன். கற்றாழைக் கசப்பு நாக்கில் ஏறியது, உதடு அரித்தது. டின்னை மாட்டித் தீ மூட்டிவிட்டு, அது விழுவதற்காக எதிரே உட்கார்ந்தேன்.

விழவில்லை. கொதித்து நுரை வழிந்தபோதும் கொம்பு அசையக்கூட இல்லை. இறக்கி ஊற்றிக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அழுதேன், கேட்க ஆளில்லாததால் சத்தமாகவே அழுதேன். நீ இல்லாமல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டோடு கிடந்துவிடத்தான் ஆசைப்பட்டேன். முடிகிறதடி. இனி ஒவ்வொரு அமாவாசைக்கும் நான் ஒருத்தியாகவே வர வேண்டும்.