செட்டில் ஆனவனுக்கு

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் படத்திறப்புக்காக பாகூர் முக்கில் பேனர் கட்டியிருக்கிறார்கள். நீலக் கார் ஒன்றில் சாய்ந்து நிற்கிறாய். கீழே 'அமெரிக்காவை வென்ற எங்கள் அண்ணன்' என்று உன் தம்பி போடச் சொல்லியிருக்கிறான். புது பேனரின் நெடி இன்னும் போகவில்லை. அந்தக் கார் உன்னுடையதல்ல என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எம்.ஏ. ஆங்கிலத்தில் நமக்கு அமெரிக்க நாவல் ஒரு தாள். நான் நாவல்களைப் படித்தேன். நீ கடையில் விற்ற நோட்ஸைப் படித்தாய். 'அமெரிக்கக் கனவும் அதன் ஏமாற்றமும்' தவறாமல் வரும் கேள்வி. ஏரிக்கரையில் நடந்தபடியே அந்த விடையை உருப்போட்டாய். 'டிஸ்-இல்யூஷன்-மென்ட்' என்று நீ உடைத்து உடைத்துச் சொன்னதைக் கேட்டு, மாடு ஓட்டி வந்த அக்கா நின்றார்.

"இன்னாடா தம்பி, மந்திரமா?"

"ஆமாக்கா. சொன்னா மார்க்கு வரும்."

"எங்க மாட்டுக்கும் ஒரு தபா சொல்லு. பாலு வருதான்னு பாப்பம்."

மார்க் வந்தது, என்னைவிட அதிகமாக. ஓடி ஓடி உயர்ந்தவன் கடைசியில் கையில் ஒன்றுமில்லை என்று காண்கிறான் என எழுதி முதலாவதாகத் தேறிய நீ, அடுத்து விசா வரிசையில் போய் நின்றாய். கேட்டதற்கு, "அது பரீட்சைக்குடா" என்றாய். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு 'செட்டில்' என்ற சொல் உன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. என் கல்யாணப் பந்தலில்கூட என் மாமனார் உன்னைத்தான் விசாரித்தார். பல வருடம் கழித்து ஒருநாள் போன் செய்தாய். கம்பெனி வேலை எப்போதோ போய்விட்டது, சாலையோர ஓட்டலில் அறை துடைக்கிறேன், ஊருக்கு அனுப்பிய படத்தில் உள்ள கார் முதலாளியுடையது என்றாய்.

"வந்துடுடா."

"எப்டிடா வர்றது? செட்டில் ஆனவன் திரும்பி வந்தா இன்னா பேரு? ஊர்ல ஒருத்தன்கிட்டயும் சொல்லிடாத மச்சான்."

சொல்லவில்லை. நீ வராமலே அங்கே செத்தாய்.

நேற்று அந்த பேனருக்குக் கீழே உன் தம்பி தன் மகளோடு நின்றிருந்தான். நர்சிங் முடித்தவள். வில்லியனூரில் வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை. அவனோ, "பெரியப்பா மாதிரி செட்டில் ஆவணும்மா" என்று அவளைக் கிளப்பிக்கொண்டிருக்கிறான்.

"பெரியப்பா ஒரு தபாகூட ஊருக்கு வரலியேப்பா. ஏன்?"

அவன் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தான். 'சொல்லிடாத மச்சான்' என்ற உன் குரல்தான் எனக்குக் கேட்டது. அந்தக் குரலைச் சாகும்வரை சுமப்பேன். இனி அதற்குக் கட்டுப்பட மாட்டேன்.

உனக்கு எழுதும் இதை அவள் பெயருக்கு அனுப்புகிறேன். போவதென்றால் தெரிந்துகொண்டு போகட்டும். சரிப்படாவிட்டால் திரும்பி வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். உனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

எழுதியது யாரென்று அவள் உடனே கண்டுபிடிப்பாள். ஆனால் அடியில் என் பெயர் இருந்தால், உன் தம்பி "வயித்தெரிச்சல் புடிச்சவன்" என்று படிக்காமலே கிழித்துப்போடுவான். வயிற்றெரிச்சல் உண்மைதான். அதனால் நீ அறை துடைத்தது பொய்யாகிவிடாது. கையெழுத்தில்லாமலே நாளை தபாலில் சேர்க்கிறேன்.