நீ அனுமதிக்காத திருத்தம்

இன்று காலை செம்பூர் அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் உன் பெயர்தான் முதலில் வந்தது. பக்கத்திலேயே, என் திருத்தத்துக்கு 'மாற்றம் தேவை' என்று நீ போட்டுவிட்டுப் போன சிவப்புக் குறி. நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய நாம் எழுதும் வி.பி.என். மென்பொருள், ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணை முகவரியாகக் கொடுக்கும். சில நேரம் ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டது. அப்படித்தான் ஒரு மருத்துவமனை டாக்டருக்கு வீட்டில் ஸ்கேன் படம் பாதியில் நின்றுபோனது. அதற்காக நான் எழுதிய திருத்தத்தை நீ டயாலிசிஸ் சென்டரில் படுத்தபடி சரிபார்த்தாய். இடது கையில் ஊசி, வலது கை லேப்டாப்பில்.

"நாளைக்குப் பார்க்கலாமே, கொஞ்சம் கண்ணை மூடிக்கோயேன்டி" என்றேன்.

"கண்ண மூடுனா ரத்தம் சீக்கிரம் சுத்தமாயிருமாக்கும்?" என்றாய், உன் தாராவித் தமிழில். "ஏட்டி, சர்வர் அணைஞ்சு திரும்ப எந்திரிச்சா, யாருக்கு எந்த நம்பர் குடுத்தோம்னு இதுக்கு நெனப்பு இருக்குமா? அத டெஸ்ட் பண்ணிட்டு வா. அப்ப பாஸ் பண்ணுதேன்."

அடுத்த டயாலிசிஸின் நடுவில் உன் ரத்த அழுத்தம் இறங்கியது. அங்கிருந்த டாக்டர்களால் அதை ஏற்ற முடியவில்லை. நான் ஓடி வந்தபோது உன் அம்மா வெளியே பெஞ்சில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நீ போய்விட்டாய் என்று நான்தான் சொன்னேன். "சாப்பிடாமப் போனாளே" என்றாள். அழவில்லை.

"உஸ்கா நாம் ஹட்டா தோ" என்றார் மேனேஜர் இன்று. உன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறார்; எடுத்தால் வேலை நகரும். குறியைப் போட்டவர்தான் எடுக்க வேண்டும்; முடியாதென்றால் நான் காரணம் எழுதி நீக்கலாம். மாலைவரை அவகாசம் கேட்டேன்.

சர்வரை அணைத்து எழுப்பினேன். இரண்டு கணினிகள், ஒரே எண். நீ சொன்னது சரி. கொடுத்த எண்களை அது சேமித்து வைத்து, எழுந்ததும் படித்துக்கொள்ளும்படி மாற்றினேன். மறுபடி அணைத்து எழுப்பினேன். இம்முறை அவரவர் எண் அவரவரிடமே இருந்தது. ஆனாலும் உன் சிவப்புக் குறி அப்படியே நின்றது. காரணம் கேட்ட கட்டத்தில், 'அவள் சொன்னது சரி. சொன்னபடி செய்தாயிற்று' என்று எழுதி அழுத்தினேன். குறி மறைந்தது. மேனேஜர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

நேரே தாராவிக்குப் போனேன். உன் அம்மா கதவைத் திறந்ததும் கேட்டாள்: "அவ பாத்துக்கிட்டிருந்த வேல முடிஞ்சிட்டாம்மா?"

"இன்னிக்கு முடிஞ்சதும்மா."

"அப்ப இனி ஆபீசுல இருந்து அவளத் தேட மாட்டாவ, என்னா?"

மாட்டுங்கா ஸ்டேஷன் வரை அந்தக் கேள்வியோடுதான் நடந்து வந்தேன். அதை எங்கே இறக்கிவைப்பது என்று இன்னும் தெரியவில்லை.