ஓடாமல் கிடந்த ஞாயிற்று வரிகள்

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போகிறவர்களின் தொலைபேசிக்குக் காற்று எச்சரிக்கை அனுப்ப நீர் எழுதிய கணினி நிரலில், கடைசியாகச் சேர்த்த பகுதி ஒருநாளும் ஓடியதில்லை. சொன்னவர் மன்னார்த் தாராபுரத்து ரிஸ்னா. நீர் கண்ணை மூடிய பிறகு அந்த நிரலைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். இன்று காலை என்னை மீனவர் சங்கக் கந்தோருக்குக் கூப்பிட்டுத் திரையிலும் காட்டினார்.

உமது பழைய மடிக்கணினியேதான். உப்புக்காற்று தின்ற விசைகள், பின்னறையிலிருந்து வரும் கருவாட்டு மணம், எல்லாம் அப்படியே. புதிதாக இருந்தது உமது வரிகளுக்குக் கீழே ஓடிய மஞ்சள் கோடுகள். நிரலை ஓட்டாமல், எழுதியதை எழுதியபடி வாசித்து, சந்தேகமான இடத்தில் கோடு போடும் ஒரு கருவியை ரிஸ்னா அதில் பொருத்தியிருக்கிறார்.

"உங்கட கூட்டாளி நிரலுக்குள்ள பேர் வச்சிருக்கிற வடிவைப் பாருங்கோ சேர்" என்றார். "எக்ஸ், எக்ஸ் எக்ஸ், எக்ஸ் எக்ஸ் ரெண்டு. பிள்ளையளுக்கு இப்பிடிப் பேர் வச்சிருந்தா மனுசி வீட்டை விட்டுத் துரத்தியிருப்பா."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விரலைக் கீழே நகர்த்தினார்.

"இந்த இடத்துக்கு நிரல் வந்து சேராதாம். மேலேயே திருப்பி அனுப்பிப்போடுது."

"என்னத்தைக் கண்டு திருப்புது?"

"ஞாயிற்றுக்கிழமையைக் கண்டு."

உடனே எனக்கு ஓலைத்தொடுவாய்க் கத்தோலிக்கக் கோயில்தான் ஞாபகம் வந்தது. போர் முடிந்து சனங்கள் திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் இருந்த காலம். நீர் தமிழ்நாட்டு முகாமில் படித்த கணினிப் படிப்போடு வந்து, சங்கத்துக்கு இந்த நிரலைச் சும்மா எழுதிக்கொடுத்தீர். முதல் எச்சரிக்கை ஒரு ஞாயிறு பூசையில், சரியாகச் சுவாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் எழுந்தேற்ற நேரத்தில் வந்தது. கோயில் முழுக்கச் சட்டைப்பைகள் அலறின. பூசை முடியச் சுவாமியார் கேட்டார்: "கடலுக்குப் போகாத நாளில காத்து வந்தா உங்களுக்கென்ன? இதை எழுதின மகான் எங்க?" நீர் தூணுக்குப் பின்னால் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர். அன்று பின்னேரமே நிரலின் தலையில் ஒரு வரி ஏறியது: இன்று ஞாயிறென்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போ.

அப்போது அது பிழையில்லை. சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஞாயிறு கடலுக்குப் போகாதவர்கள். பிறகு, இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து தாராபுரத்து முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்து சங்கத்தில் சேர்ந்தன. அவர்கள் வெள்ளி கரையில் நிற்பார்கள், ஞாயிறு போவார்கள். ரிஸ்னாவின் அண்ணன், அவர் 'நானா' என்று கூப்பிடுகிறவர், உம்மைக் கரையில் மறித்துக் கேட்டது நினைவிருக்கிறதா? "எங்களுக்கு ஞாயிறில ஆர் சொல்லுறது? உங்கட சுவாமியாரோ?" நீரும் சிரித்தீர். ஆனால் அன்றிரவு உமக்கு நித்திரை வரவில்லை என்று மறுநாள் சொன்னீர்.

அதற்குள் சிறுநீரகம் உம்மை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டுவிட்டது. அங்கிருந்தே ஞாயிற்றுப் படகுகளுக்கான பகுதியை எழுதினீர். "முடிச்சிட்டன் காணும். இனி அவங்கள் பயமில்லாமப் போகலாம்" என்று தொலைபேசியில் சொன்ன குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எழுதியதை நிரலின் கீழ்ப்பக்கத்தில் வைத்தீர். மேலே நின்ற பழைய வரி அப்படியே நின்றது. அதன்பின் ஞாயிறில் திடீர்க் காற்று வந்தது ஒரேயொரு தடவை. அன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. செய்தி வராததற்கு எல்லாரும் தொலைபேசிக் கோபுரத்தைத் திட்டினார்கள்.

தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையில் முன்பொருநாள் கேட்டேன்: "நான் எழுதுறதை அச்சுக்கு முன்னம் இன்னொராள் வாசிக்கிறார். உம்மட எழுத்தை ஆர் வாசிக்கிறது?"

"ஓடுது தானே! மிச்சத்தைக் கடல் வாசிக்கும்."

"இந்தப் பகிடி எனக்குப் பயமாக் கிடக்கு."

"பேப்பர்காரனுக்குப் பயம் சம்பளத்தோட வாற சாமான்" என்றீர்.

அந்தப் பயம் இன்று காலை கந்தோரில் என் பக்கத்தில் வந்து இருந்தது.

"மேல நிக்கிற அந்த வரியை எடுத்துவிட்டால் சரிதானே?" என்று ரிஸ்னாவைக் கேட்டேன்.

"அதுதான் சேர் கூடப் பயம்." உமது கடைசிப் பகுதிக்குள் கருவி போட்டிருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினார். எந்தப் படகுகள் என்று நிரலுக்குச் சொல்லுமுன்பே, அந்தப் படகுகளுக்கு அனுப்பு என்று எழுதியிருந்தீர். கட்டிலில் கிடந்து, கையில் ஊசியோடு எழுதியது. ஒருநாளும் ஓடாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. மேலே உள்ள தடையை மட்டும் எடுத்தால், ஞாயிறு நிரல் அந்த இடத்துக்கு வந்து விழுந்துவிடும். பிறகு ஆராவது எழுப்பிவிடும்வரை ஒரு கரைக்கும் எச்சரிக்கை போகாது.

அதனால் ரிஸ்னா அவசரப்படவில்லை. நீளமாகக் கிடந்த ஒரே பகுதியைச் சிறிது சிறிதாகப் பிரிக்கிறார். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நீர் வைத்த ஞாயிற்று விதிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவருகிறார். எக்ஸ் எக்ஸ் ரெண்டுக்கு இப்போது 'ஞாயிறு போகும் படகுகள்' என்று பெயர். எந்த மாற்றமும் அந்தக் கருவி தானாக வாசித்துச் சரியென்றால்தான் உள்ளே போகும். அவர் எழுதினாலும் அப்படித்தான்.

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நானா தலையை நீட்டினார். வார இறுதியில் தாழமுக்கம் வந்து காற்று அடிக்கலாம் என்று வானொலி சொன்னதை அவரும் கேட்டிருந்தார்.

"தங்கச்சி, நாயித்துக்கிழமை நான் போகவோ, விடவோ?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ நானா."

"அப்ப ஆர் சொல்லும்? நீயோ, உன்ர மிஷினோ?"

"ரெண்டு பேரும் ஒண்டாச் சொன்னாத்தான் போகோணும்."

நானா வலைக்குத் திரும்பினார். இந்தத் திருத்த வேலை முடியாவிட்டாலும் வீட்டுச் செலவுக்காக அவர் போய்விடுவார் என்று ரிஸ்னாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

உமது "ஓடுது தானே" இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு செய்தியை எழுதி முடித்துக் கையை எடுக்கும்போது அது காதில் விழும். உடனே திரும்பவும் முதலிலிருந்து வாசிப்பேன்.

உறுதியாகாதது இவ்வளவு. வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, தாராபுரத்துப் படகுகள் கரையில் நிற்கும்போது, இன்று ஞாயிறு என்று நிரலை நம்பவைத்து ரிஸ்னா ஒரு சோதனைச் செய்தி அனுப்புவார். அது சரிவந்தாலும், உண்மையான ஞாயிறு வரும்வரை முழுதாக நம்பமாட்டேன் என்கிறார். என் தொலைபேசி எண்ணையும் ஞாயிறு போகும் படகுகளோடு சேர்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு காலைப் பூசையில் நீர் நின்ற தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன், தொலைபேசியை நிறுத்தாமல். காற்று வந்தால் அது எழுந்தேற்றத்திலும் அலறட்டும். சுவாமியார் ஏசினால் ஏசட்டும்.