வெயிலிலும் அவிழ்க்காத படங்கு

நேற்று உன் முப்பதாம் நாள் முடிந்தது. இன்று காலை உன் வீட்டுக்காரர் ஒரு பையோடு வந்தார். உள்ளே உன் படங்கு. இலை பறிக்கும்போது பனி சேலையை நனைக்காமலிருக்க நாம் இடுப்பில் சுற்றிக் கட்டுவோமே, அந்தத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. தேயிலைக் கறையின் நெடியோடு சோப்பு வாசமும் அடித்தது. தினமும் அதைக் கழுவிக் காயவைத்தவள் நீ. ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நம் கட்டபெட்டு எஸ்டேட்டில் வெயில் ஏறியதும் எல்லோரும் படங்கை அவிழ்த்துச் செடிமேல் போட்டுவிடுவார்கள். நான் அவிழ்க்க மாட்டேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினால் சிறுநீர் கசியும், கூடையைத் தூக்கினால் கசியும். ஒருநாள் பக்கத்துத் தேயிலை நிரையிலிருந்து நீ கேட்டாய்: "ஏம்புள்ள, இந்த வெயில்ல வேகறியே, அதை அவுத்தா என்ன?"

"நீ மட்டும் அவுத்தியா?" என்றேன் எரிச்சலாக.

நான் சொல்லாமலே உனக்குப் புரிந்துவிட்டது. "எனக்கும் அதேதான்" என்றாய்.

அன்றிலிருந்து ஒன்றாக உட்கார்ந்தோம், ஒன்றாகவே டீயை வேண்டாமென்றோம். டீ எஸ்டேட்டில் டீ குடிக்காத இரண்டு கிறுக்கச்சிகள் என்று கேலி செய்தார்கள். தண்ணீரும் குடிக்காததால் சாயங்காலம் தலை கிறுகிறுக்கும்.

அதைக்கூடத் தாங்கலாம். என் கணவர் ஆசையாகக் கை நீட்டினாலே நான் சுருங்கிப்போவேன். அந்த நேரத்தில் நனைந்துவிடுமோ என்று பயம். முதுகுவலி என்று சொல்லிப் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டேன். அவருக்குப் பேச்சே குறைந்துபோனது. அதை உன்னிடம்தான் சொல்லி அழுதேன். நீ என்ன செய்தாய்? இலை எடை போடும் இடத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளுக்கு உங்க மேல வெறுப்பில்லீங்க. ஒண்ணுக்கு அடக்க முடியல. அது நோவுங்க" என்று போட்டு உடைத்துவிட்டாய். பத்து நாள் உன்னோடு நான் பேசவில்லை. ஆனால் அன்றைக்கே அவர், "இதுக்குப் போயா புள்ள தள்ளிப் படுத்தே?" என்று கேட்டுக் கண் கலங்கினார். டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சியில் கசிவு வெகுவாகக் குறைந்தது. மீதிக்கு நாங்கள் இருவரும் பழகிக்கொண்டோம்.

உன்னையும் வா என்று எத்தனை முறை இழுத்தேன். "என்ற ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போடாத, நான் செத்தாலும் சொல்லாத" என்று கையிலடித்துச் சத்தியம் வாங்கினாய். என் வீட்டுக்காரரிடம் அத்தனை துணிச்சலாகப் பேசிய உனக்கு உன்னவரிடம் வாய் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனபோதும் நான் அதைப்பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை.

இன்று பையைக் கொடுத்த பிறகும் உன் வீட்டுக்காரர் போகாமல் வாசலிலேயே நின்றார். "அம்மணி, உங்கிட்டயாச்சும் சொன்னாளா? மகளைப் பத்தாவதோட நிறுத்திக் கட்டிக் குடுத்துட்டேன். அந்தக் கோவத்துலதான் இத்தனை வருசம் ஒதுங்கியே படுத்தா. கடைசி வரைக்கும் என்னைய மன்னிக்கலையே."

நான் படங்கைப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கோவமில்லீங்கண்ணா. கூச்சம். நீங்க அருவருத்துடுவீங்கன்னு பயம்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானாச்சும் கேட்டிருக்கலாமே" என்றார். கொடுத்த பையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

நீ வேண்டாமென்றதைச் செய்துவிட்டேன். பத்து நாள் நீயும் என்னோடு பேசாமலிரு, நியாயம்தான். எனக்கு மிஞ்சியிருப்பது அன்று நிரையில் நீ சொன்னது மட்டும். வெயிலேறியும் படங்கை அவிழ்க்காத பெண் ஒருத்தி புதிதாக வேலைக்கு வந்திருக்கிறாள். நாளை அவள் பக்கத்து நிரையை நான் கேட்டு வாங்கப்போகிறேன். எனக்கும் அதேதான் என்று அவளிடம் சொல்ல வேண்டும்.